ஓடைப்பாலத்தில் தூங்கும் ஸ்கூல் பஸ்

சிரஞ்சீவி சம்பத்துக்கு, தாசுகுப்பத்திலிருந்து உன் நைனா பாலையா, நீ கண்காணாத குவைத்தில் கால் நோகாமல், வயிறு வாடாமல், முதலாளி முகம் கோணாமல் நெடுங்காலம் இருக்க வேண்டும் என்று கங்கம்மாவை வேண்டிக்கொண்டு எழுதச் சொல்லும் கடிதம். இங்கே நான், உன் மனைவி தேன்மொழி, மகள் சந்தியா, புதிதாகப் பிறந்த கன்றுக்குட்டி எல்லாரும் நலம். "எல்லாரும் நலம்னா அப்பறம் எதுக்கு மாமா இத்தினி பேப்பர் வாங்கியாந்தே?" என்று இதை எழுதுகிற அங்கன்வாடி லட்சுமம்மா கேட்கிறாள். நலம் என்று முதலில் போடுவது மரியாதை, நீ போடு தாயே, பயம் பின்னால் வருகிறது என்று சொல்லியிருக்கிறேன். நம் ஊரில் தமிழ் எழுதத் தெரிந்தவள் இப்போது இவள் ஒருத்திதான். உன் மகளுக்கு ஸ்கூலில் இங்கிலீஷும் தெலுங்கும் ஆனதால் அவள் முன்னாலேயே தைரியமாகக் கடிதம் எழுதலாம், அது ஒரு சௌகரியம்.

போன் பண்ணலாமே என்பாய். நாகலாபுரத்தில் எஸ்.டி.டி. பூத் வைத்திருப்பவன் ஸ்கூல் கரஸ்பாண்டென்ட் நாகபூஷணத்தின் மைத்துனன். நான் பேசி முடிப்பதற்குள் விஷயம் ஸ்கூலுக்குப் போய்விடும். தவிர, போனில் நான் எது சொன்னாலும் நீ "சரி நைனா" என்று சொல்லி வைத்துவிடுகிறாய். போன தடவை மாட்டுக்கு உடம்பு சரியில்லை என்றதற்கும் சரி நைனா, செத்துப்போனது என்றதற்கும் சரி நைனா. ஆகையால், வரதய்யபாளையத்து கிருஷ்ணப்பாவின் மகன் நாளை மெட்ராசில் விமானம் ஏறுகிறான், அவன் கையில் கொடுத்தனுப்புகிறேன். திங்கட்கிழமை உனக்குக் கிடைக்கும். செவ்வாய்க்கிழமை பொழுது சாய்வதற்குள் நீ இங்கே இருக்க வேண்டும். லீவு கேள். கொடுக்கவில்லை என்றால் காலில் விழு. நீ வந்து எல்லைக்கல்லில் தேங்காய் உடைத்தால்தான் உன் மகள் வீட்டில் படுக்க முடியும்.

பயப்படாதே. பயப்படும்படியான விஷயம்தான், ஆனாலும் நீ பயப்படாதே, இங்கே நான் ஒருத்தன் அதற்கென்றே இருக்கிறேன்.

நீ பழைய பஸ் ஒன்றை வாங்கி ஸ்கூலுக்கு ஓட்டவிட்டு, "நைனா, நீ சும்மா கூடப் போய்க்கினு வந்தா போதும்" என்று சொல்லிவிட்டுப் போனாய். எனக்குப் படிப்பு இல்லை, ஆனால் மறதியும் இல்லை, நீ சும்மா என்று சொன்னது நன்றாக ஞாபகம் இருக்கிறது. அந்தச் சும்மாவில் என்னென்ன இருக்கிறது தெரியுமா? ஒவ்வொரு ஊர்க்காரனுக்கும் காலையில் பஸ் தன் ஊருக்குக் கடைசியாக வர வேண்டும், அப்போதுதான் பிள்ளை கொஞ்சம் அதிகமாகத் தூங்கும். சாயங்காலம் தன் ஊருக்கு முதலில் வர வேண்டும். எல்லா ஊரும் கடைசி, எல்லா ஊரும் முதல் என்று எந்த டிரைவர் ஓட்டுவான்? அதையும் நான் ஒருவழியாகப் பேசி, சாயங்காலம் முதலில் தாசுகுப்பம், அடுத்தது ஓபுலகண்டிகை, பிறகு மற்றவை என்று ஒப்புக்கொள்ள வைத்திருந்தேன். போன மாதம் ரோட்டுக் காண்ட்ராக்டர் ஒருவர் தன் பிள்ளைகளை ஸ்கூலில் சேர்த்தார். அவர் வீட்டுக்கு முதலில் போக வேண்டும் என்று கரஸ்பாண்டென்ட் ரூட்டையே தலைகீழாகத் திருப்பிவிட்டார். நான் வாயைத் திறக்கவில்லை. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்கிறது. அதனால் இப்போது நம் பிள்ளைகள் கடைசியில் இறங்குகிறார்கள், விளக்கு வைக்கிற நேரத்தில் பஸ் ஓபுலகண்டிகையில் நிற்கிறது. வினையெல்லாம் அங்கேதான் தொடங்கியது.

இது ஊருக்கு ஊர் அம்மனுக்கு ஜாத்திரை எடுக்கிற சமயம். தப்பட்டை அடித்து ஜாத்திரை சாற்றும்போது எல்லைக்குள் யார் இருக்கிறார்களோ, அவர்கள் பகலில் எங்கே போனாலும் ஜாத்திரை முடியும்வரை ராத்திரி அந்த எல்லைக்குள்தான் படுக்க வேண்டும். இது உனக்கும் தெரியும், ஆனால் ஏ.சி. காற்றில் இருந்து மறந்திருப்பாய் என்று சொல்கிறேன். ஓடைக்கால்வாய் வெட்டின வருஷம் நம் தெருச் சந்திரசேகர் ஒரே ஒரு ராத்திரி மாமியார் வீட்டில் படுத்துவிட்டு வந்து, ஆடி மாதம்வரை வாயை மூட முடியாமல் திரிந்தான். ஈ போகும் என்று அவன் பெண்டாட்டி துண்டால் கட்டிவைத்திருந்தாள். நான் பார்த்தவன். போன செவ்வாய்க்கிழமை நம் ஊரில் சாற்றினார்கள். பஸ் கோயில் எதிரில் நின்றிருந்தது. பிள்ளைகள் போகிற வண்டி, எதற்கும் இருக்கட்டும் என்று வேப்பிலையும் மஞ்சள் கயிறும் வைத்து ஸ்டீரிங்கில் நானே காப்புக் கட்டினேன். நல்லதற்குத்தான் கட்டினேன்.

மறுநாள் சாயங்காலம் ஓபுலகண்டிகைக்குள் பஸ் நுழைந்தது. எதிரே ஒரு செம்மறியாட்டு மந்தை. நானும் டிரைவரும் கண்ணாடி வழியாக ஆடுகளை அதட்டிக்கொண்டிருந்தோம். அந்த நேரம் பார்த்து அந்த ஊர்ப் பொன்னியம்மாவுக்குத் தப்பட்டை அடித்துவிட்டார்கள். அவர்கள் ஊர்ப் பெரியவன் கங்கையா பஸ்ஸுக்கு முன்னால் வந்து இரண்டு கையையும் விரித்து நின்றான்.

"பாலையா மாமா, வண்டிய எடுக்காத. சாட்டும்போது எங்க எல்லையில இருந்துது. வண்டியும் இங்கதான் தூங்கணும், உள்ள கீற பசங்களும் இங்கதான் தூங்கணும்."

நான் வழக்கமாகப் பேசுகிறவன் இல்லை, பயத்தில் பேசிவிடுகிறேன். குவைத்தில் நம் நாட்டு ஆபீஸ் ஒன்று இருக்கிறது, அந்தச் சுவருக்குள் நின்றால் நம் நாட்டில் நின்ற மாதிரி என்று நீ முதல் லீவில் வந்தபோது நெல் அளந்துகொண்டே சொன்னாயே, அது நினைவுக்கு வந்தது. "கங்கையா, பஸ்ஸுல கட்டியிருக்கறது கங்கம்மா காப்பு. உள்ள உக்காந்தா தாசுகுப்பத்துல உக்காந்த மாதிரி. பசங்க காலு உங்க மண்ணுல படல," என்றேன். கூட்டத்தில் நாலு பேர் தலையை ஆட்டினார்கள். கங்கையாவே கொஞ்சம் யோசித்தான். நான் ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன்.

"அப்ப ஒரு பொண்ணு எறங்கி குச்சி ஐஸ் வாங்குச்சே, அது யாரு? ரெட்டை ஜடை, சிவப்பு ரிப்பன். உம் பேத்திதானே?" என்று கேட்டான்.

சம்பத், என்னத்தைச் சொல்ல. திரும்பிப் பார்த்தால் சந்தியா ஜன்னலோரம் உட்கார்ந்து உதட்டை நக்கிக்கொண்டிருக்கிறாள். மற்ற பிள்ளைகளுக்கு விடுதலை, அவள் ஒருத்திக்கு மட்டும் இரண்டு எல்லை. கங்கம்மா ஒரு பக்கம், பொன்னியம்மா ஒரு பக்கம். அக்கா தங்கை வேறு. அக்கா தங்கைச் சண்டைக்கு நடுவில் மாட்டினவன் கதி என்ன என்று உன் அத்தைமார் விஷயத்தில் நான் பார்த்தாயிற்று. பேச்சு முடிவதற்குள் கங்கையா பஸ்ஸின் பக்கக் கண்ணாடியிலும் ஒரு காப்பைக் கட்டிவிட்டான். தப்பட்டைச் சத்தத்தில் இதெல்லாம் பிள்ளைகள் காதில் விழவில்லை. குழந்தை பயந்துவிடுவாள் என்று யாரும் அவளிடம் மூச்சு விடவில்லை, நானும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டால் ஏன் கேட்கிறாய் என்பாள், நான் சொல்லிவிடுவேன், எனக்கு அப்படி ஒரு வாய்.

இரண்டு ஊரும் உட்கார்ந்து பேசி ஒரு முடிவுக்கு வந்தன. இரண்டு எல்லைக்கும் நடுவில் இருப்பது ஓடைப்பாலம். கடைசி பஸ் போன பிறகு நம் பஸ்ஸைப் பாலத்தில் நிறுத்துவது, முன்சக்கரம் ஓபுலகண்டிகையில், பின்சக்கரம் தாசுகுப்பத்தில், சந்தியா நடுச் சீட்டில் படுப்பது. தலை எந்த ஊரில், கால் எந்த ஊரில் என்று அதற்கு ஒரு தகராறு. எந்த அம்மன் பக்கம் காலை நீட்டினாலும் குற்றம் என்று கடைசியில் குறுக்கே படுக்க வைத்தோம். தேன்மொழி பாயைக் கொண்டுவந்து போட்டுவிட்டு, "ஏன் மாமா, அவ தூக்கத்துல உருளுவாளே, எந்தப் பக்கம் உருளணும்னு அதையும் பேசிட்டீங்களா?" என்று கேட்டாள். உன் பெண்டாட்டிக்கு எல்லாம் விளையாட்டு. உருளாமல் இருக்க இரண்டு பக்கமும் பிள்ளைகளின் புத்தகப் பையை அடுக்கிவிட்டு, நான் முன்சீட்டில் கண்ணைக் கொட்டாமல் உட்கார்ந்திருக்கிறேன். தவளை கத்தினாலும் பயம், கத்துவதை நிறுத்தினால் இன்னும் பயம்.

இதற்குமேல் நடந்ததைக் கேள். சந்தியா பஸ்ஸில் தூங்குகிறாள் என்று கேள்விப்பட்டு இரண்டு ஊர்ப் பிள்ளைகளும் தலையணையைத் தூக்கிக்கொண்டு வந்து, அவரவர் எல்லைப் பக்கத்துச் சீட்டில் படுத்துவிட்டார்கள். வீட்டில் படுக்கச் சொன்னால் அழுகை. வெள்ளிக்கிழமை காலை கரஸ்பாண்டென்ட் ஸ்கூட்டரில் வந்து பாலத்தில் இறங்கினார். "ஏமய்யா பாலையா, இது ஸ்கூல் பஸ்ஸா, சத்திரமா?" என்று கண்ணாடியைக் கழற்றினார். எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. உள்ளே எட்டிப் பார்த்தார். எல்லாப் பிள்ளைகளும் முகம் கழுவி, யூனிபாரம் போட்டு, அவரவர் சீட்டில் உட்கார்ந்திருக்கிறார்கள். ஹாரன் அடித்து நிற்க வேண்டியதில்லை, ஒருத்தன் வீட்டு வாசலில் ஒரு செருப்புக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. ஸ்கூல் ஆரம்பித்த நாளிலிருந்து அன்றுதான் நம் பஸ் பிரேயருக்கு முன்னால் போய்ச் சேர்ந்தது. சாயங்காலம் என்னைக் கூப்பிட்டு, "பலே உந்தய்யா, ரொம்ப நல்லாருக்கு. ஜாத்திரை முடிஞ்சாலும் இதே மாதிரி கன்டின்யூ பண்ணு. ரெண்டு ஊருக்கும் ஒரே ஸ்டாப்பு, டீசல் மிச்சம்," என்கிறார். முன்பு அவர் கோபத்துக்குப் பயந்தேன், இப்போது அவர் சந்தோஷத்துக்குப் பயப்படுகிறேன்.

ஆனால் பெரிய பயம் அதுவல்ல. செவ்வாய்க்கிழமை ராத்திரி ஜாத்திரை முடிகிறது. இரண்டு ஊர்க்காரர்களும் ரத்தச் சோற்றைப் பொலியாகத் தூவிக்கொண்டு எல்லைக்கு வருவார்கள். அந்த நேரத்தில் எல்லையில் ஒரு உயிர் நிற்கக் கூடாது. பாலத்தில் பஸ் நிற்க முடியாது. சந்தியா அந்த ராத்திரி எந்த ஊரில் படுப்பாள்? இங்கே படுத்தால் பொன்னியம்மா, அங்கே படுத்தால் கங்கம்மா. பெற்றவன் வந்து இரண்டு பேர் பெயரையும் சொல்லி எல்லைக்கல்லில் தேங்காய் உடைத்தால்தான் ஒரு கட்டு அவிழும் என்று கங்கையா சொல்கிறான். "திங்கக்கெழம லெட்டர் கெடைச்சி, செவ்வாக்கெழம எப்டி மாமா வருவாரு உம் புள்ள?" என்கிறாள் லட்சுமம்மா. ஆகாசத்தில் வர ஒரு ராத்திரி போதும் என்று நீதானே சொன்னாய்? வேலை போனாலும் வேறு கிடைக்கும், இருப்பது ஒரே பேத்தி. அவளுக்கு நேற்று ஒரு தும்மல் வந்தது. ஒன்றுதான் வந்தது. இரண்டாவது வருமா என்று நான் இன்னும் காத்துக்கொண்டிருக்கிறேன்.

உனக்குச் சோறு போடுகிற கேரளத்துத் தம்பிக்கும், உன்னோடு ஒரே அறையில் இருப்பவர்களுக்கும் என் ஆசீர்வாதம். கங்கம்மா உன்னைக் கண்ணுக்குள் வைத்துக் காப்பாற்றட்டும். கூடவே பொன்னியம்மாவும் காப்பாற்றட்டும். அவள் பெயரை விட்டுவிட்டதாக இருக்க வேண்டாம்.

இப்படிக்கு, உன் நைனா பாலையா, கைநாட்டு.

பின்குறிப்பு: எழுதியதையெல்லாம் லட்சுமம்மா ஒருமுறை உரக்கப் படித்துக் காட்டினாள். கன்றுக்குட்டிக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்த சந்தியாவுக்குத் தமிழ் படிக்கத்தான் தெரியாது, கேட்கத் தெரியும் என்பதை நாங்கள் யோசிக்கவில்லை. "தாத்தா, ஐஸ் வாங்கனது நான் இல்ல, தேவயானி. ஜன்னல் வழியா எனக்கு ஒருவாட்டி நக்கக் குடுத்தா, அவ்ளோதான்," என்றாள். தேவயானி யார் என்று கேட்டேன். ஓபுலகண்டிகைப் பெண்ணாம். அவளுக்கும் அதே ரிப்பன், அதே யூனிபாரம். "அவ ஊரு வந்துச்சி, எறங்கிட்டா," என்கிறாள். லட்சுமம்மா பேனாவை வைத்துவிட்டுச் சிரித்ததில் மேலே ஓரிடத்தில் மை கொட்டியிருக்கிறது, அதைக் கண்ணீர் என்று நினைத்துக்கொள்ளாதே. ஆகையால் நீ வர வேண்டாம். லீவு கேட்டிருந்தால், வேண்டாம் என்று சொல்லிவிடு. காலில் விழுந்திருந்தால் எழுந்துவிடு. வாசலில் கிருஷ்ணப்பாவின் மகன் நிற்கிறான், வேறு எழுத நேரமில்லை. இனி வீட்டிலேயே படுக்கலாம் கண்ணு என்று சந்தியாவிடம் சொன்னேன். இந்த விவகாரத்தில் இதுவரை அழாதவள் அவள் ஒருத்திதான், இப்போது தலையணையைக் கட்டிக்கொண்டு தேம்பித் தேம்பி அழுகிறாள். எனக்குப் பயமாக இருக்கிறது. செவ்வாய்வரை அவள் பஸ்ஸிலேயே படுக்கட்டும், கங்கையாவிடம் நான் எதுவும் சொல்லப் போவதில்லை, நீயும் சொல்லாதே.