தறிக்காரர் வாங்கிய பாய்மரப் படகு

இதை நான் சொன்னால் முன்பின்னாகத்தான் வரும் என்று பயமாக இருக்கிறது. எட்டாவதோடு என் படிப்பை நிறுத்திவிட்டார்கள். மகள் புவனாவுக்குப் போனில் ரசம் வைக்கச் சொல்லிக் கொடுத்தாலே, தாளிக்கச் சொன்ன பிறகுதான் புளி கரைக்கச் சொல்லாதது ஞாபகம் வரும். அப்படிப்பட்டவள் ஒரு படகைப் பற்றிச் சொல்லப் போகிறேன். அதில் என் வீட்டுக்காரர் வருகிறார். எங்கள் குலசாமியும் வருகிறாள். ஒரு வார்த்தை பிசகினாலும் அவரைப் பைத்தியம் என்று நினைத்துவிடுவீர்கள், இல்லாவிட்டால் என்னைப் பாவி என்று. இரண்டாவது கொஞ்சம் நிஜம். முதலாவது இல்லவே இல்லை. அதை மட்டும் மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

நாங்கள் இருப்பது கோயமுத்தூர்ப் பக்கம் சோமனூர். கடல் எந்தப் பக்கம் என்று கேட்டால் எங்கள் தெருவில் ஆளுக்கு ஒரு திசை காட்டுவார்கள். என் வீட்டுக்காரர் பெயர் கிருபாசங்கர். பன்னிரண்டு விசைத்தறியை முப்பத்தொரு வருஷம் ஓட்டினார். அந்தச் சத்தத்தில் எங்கள் வீட்டில் யாரும் மெதுவாகப் பேசிப் பழகவில்லை. சாப்பிட வாங்க என்பதையே சண்டைக்குக் கூப்பிடுகிற மாதிரிதான் சொல்லுவேன். புவனாவைப் பெண் பார்க்க வந்த ஒரு கூட்டம், உள்ளே ஏதோ தகராறு என்று காப்பியைக்கூடக் குடிக்காமல் எழுந்து போய்விட்டது. உள்ளே நாங்கள் சர்க்கரை டப்பா எங்கே என்றுதான் பேசிக்கொண்டிருந்தோம்.

இரண்டு வருஷம் முன்னால் தறிகளை விற்றார். அடுத்த மாதமே ஒரு கல்யாணத்துக்குக் கொச்சிக்குப் போனவர், முகமெல்லாம் சிரிப்பாக வந்தார்.

"அம்மணி, ஒரு சாமான் வாங்கிப்போட்டேன்."

"என்னங்க, மிக்சியா?"

"படகு."

நான் கரண்டியைக் கீழே வைத்தேன்.

"பாய்மரப் படகு. பதினாறு அடி. ஒருத்தர் வெச்சிருந்து கை மாறி வருது. கரண்ட் பில்லே வராத மெஷின் இது ஒண்ணுதான். காத்துல ஓடும். காத்துக்கு எவனும் ரீடிங் எடுக்க வரமாட்டான்."

"தண்ணிக்கு எங்கீங்க போவீங்க? நொய்யல் ஆத்துக்கா?"

"கொச்சிலயே உப்பங்கழில கெடக்கட்டும். ரெண்டு வாரத்துக்கு ஒருக்கா போயிப் பாத்துக்கலாம்."

"போயிப் பாத்துக்கறதுக்கு அதென்ன மாடுங்களா?"

மாடு தேவலை என்று ஆறு மாதம் கழித்து அவரே சொன்னார். மாடு ராத்திரியிலாவது படுத்து அசை போடும். உப்புத்தண்ணீர் நிறுத்தாமல் தின்கிறது. படகின் அடியில் சின்னச் சின்னச் சிப்பியாக ஒட்டி, சுரண்டச் சுரண்ட மறுபடியும் முளைக்கிறது. போல்ட்டுகள் பச்சை பூக்கின்றன. கயிறு காய்ந்தால் முறுக்குக் கம்பி மாதிரி விறைத்துக்கொள்கிறது. உப்புப் போக நல்ல தண்ணீரில் அலச வேண்டுமாம். கயிறுகளை எல்லாம் மூட்டை கட்டி வீட்டுக்குக் கொண்டுவந்தார். எங்கள் தெருவுக்குக் குடிதண்ணீர் பத்து நாளைக்கு ஒருமுறைதான் வரும். முதல் குடம் சாமிக்கு, அடுத்த நாலு குடம் கயிற்றுக்கு, மிச்சம்தான் எங்களுக்கு என்று ஆனது.

பாயையும் சும்மா விடவில்லை. தறிக்காரர் அல்லவா. பூதக்கண்ணாடியை வைத்து இழை எண்ணினார்.

"இது துணியா? சாக்கு. சோமனூர்க்காரன் படகுல சாக்கு கட்டறதா?"

நல்ல பருத்திக் காடாத் துணி எடுத்து வந்தார். ஒன்பது நாள் உட்கார்ந்து நான்தான் தைத்தேன். அந்தப் பாய் கட்டிய முதல் நாளே மழை. குடித்த தண்ணீரில் பாய் ஒரு எருமைக்கன்று எடைக்கு வந்துவிட்டது. நாலு பேர் சேர்ந்து இறக்கினார்கள். படகுக் கொட்டகை வைத்திருக்கும் ஹபீபுன்னிசா இடுப்பில் கை வைத்துக்கொண்டு பார்த்தாள். அவள் கோயமுத்தூர் உக்கடத்தில் பிறந்து கொச்சியில் வாழ்க்கைப்பட்டவள். எங்கள் பேச்சு அவளுக்குப் புரியும். அவள் பேச்சுக்கு நாங்கள்தான் பதில் தேட வேண்டும்.

"ஏனுங்கண்ணா, இது பாயா, ஜமக்காளமா? காத்துல போறதுக்கா, விரிச்சுப் படுக்கறதுக்கா?"

மறுநாள் பழைய சாக்குப் பாய் மறுபடியும் ஏறியது.

ஒரு வருஷத்தில் உப்பங்கழிக்குள் நன்றாக ஓட்டப் பழகிவிட்டார். நான் கரையில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, அவர் கண்ணுக்குத் தெரிகிறாரா என்று எண்ணெய்க்கடைக்காரன் தராசு முள்ளைப் பார்க்கிற மாதிரி பார்த்துக்கொண்டிருப்பேன். கணுக்காலுக்கு மேல் தண்ணீர் என்றால் எனக்கு ஆகாது. கொடுமுடிக்குப் போனாலும் காவிரியில் இறங்கமாட்டேன். படியில் உட்கார்ந்து சொம்பில் மொண்டு ஊற்றிக்கொள்வேன்.

போன கார்த்திகையில்தான் அந்தப் பேச்சை எடுத்தார்.

"தை பொறந்ததும் கடலுக்குள்ள போறோம்."

"போறமா?"

"நீயும் நானும். துறைமுக வாயைத் தாண்டி வெளிக்கடல். காலைல போனாப் பொழுதோட திரும்பிக்கலாம்."

"உங்களுக்கு நீச்சல் தெரியுங்களா?"

"கெணத்துல குதிச்சு நீஞ்சினவன் நானு."

"கெணத்துக்கு நாலு பக்கமும் செவுரு இருக்குதுங்க."

"வெசனப்படாத. அஞ்சு மைலு உள்ள போனா ஒரு சத்தமும் இருக்காதாம். அதுக்குத்தான்."

எதற்குத்தான் என்று நான் கேட்டிருக்க வேண்டும். என் காதில் அஞ்சு மைல் மட்டும்தான் விழுந்தது. போனால் திரும்பி வரமாட்டோம் என்று அப்போதே எனக்குத் தோன்றிவிட்டது.

"பூக் கேட்டீங்களா?" என்றேன்.

அவர் காலண்டரை எடுத்து நல்ல நாள் பார்த்தார்.

எங்கள் குடும்பத்தில் கிணறு வெட்டினாலும் பெண் கொடுத்தாலும் பூக் கேட்காமல் செய்யமாட்டார்கள். கொடுமுடிப் பக்கத்தில் எங்கள் குலசாமி கோயில். வெள்ளைப் பூ ஒரு பொட்டணம், சிவப்புப் பூ ஒரு பொட்டணம், இலையில் மடித்து நூல் சுற்றி ஆத்தா காலடியில் வைக்க வேண்டும். எது எது என்று வெளியே தெரியக்கூடாது. வாய்விட்டுக் கேட்ட பிறகு பூசாரி ஒன்றை எடுத்துக் கொடுப்பார். வெள்ளை வந்தால் செய்யலாம். சிவப்பு வந்தால் கூடாது. கூடாது என்று வந்த காரியத்தை ஒரு வருஷத்துக்கு மறுபடியும் கேட்கக்கூடாது. அவர் ஆத்தா பேச்சைத் தட்டமாட்டார். அந்த நம்பிக்கையைத்தான் நான் நம்பினேன்.

பொட்டணம் கட்டுவது வீட்டுப் பொம்பளை வேலை. கோயிலுக்குப் பின்னால் அரளிச் செடி ஓரமாக உட்கார்ந்து கட்டினேன். இரண்டிலும் சிவப்பு.

அவர் தறி ஓட்டிய தொண்டையோடு கேட்டார். "ஆத்தா, நான் படகை ஓட்டிக்கிட்டு வெளிக்கடலுக்குப் போகலாமா?" கோபுரத்துப் புறாவெல்லாம் பறந்தன. பூசாரி ஒன்றை எடுத்துக் கொடுத்தார். நான் விழுந்து கும்பிடுகிற சாக்கில் மற்றதை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டேன்.

அவர் பிரித்துப் பார்த்தார். பூவைக் கண்ணில் ஒற்றிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

"சரி" என்றார். அவ்வளவுதான். அந்த மனிதர் வாயிலிருந்து அத்தனை மெதுவான வார்த்தை வந்து நான் கேட்டதே இல்லை.

ஜெயித்துவிட்டேன் என்று ஒரு வாரம் நிம்மதியாகத் தூங்கினேன். அலசுவதற்கு வீட்டுக்குக் கொண்டுவந்திருந்த பாயை அவர் சுருட்டிப் பரண்மேல் போட்டார். கொச்சிக்குப் போகவில்லை. காலையில் எழுந்து காலித் தறிக் கொட்டகைக்குள் போய் உட்கார்ந்துகொள்வார். உள்ளே ஒன்றும் இல்லை. தறி இருந்த இடத்தில் பன்னிரண்டு எண்ணெய்க் கறை. அதற்கு நடுவில் நாற்காலி போட்டு என்னத்தைப் பார்ப்பார் என்று தெரியவில்லை.

தை மாதம் ஹபீபுன்னிசா எனக்குப் போன் செய்தாள்.

"தெய்வாத்தாக்கா, படகு அடியில சிப்பி ஏறிக் கெடக்குது. உப்புத்தண்ணில போட்டுட்டு இப்படியே உட்டா அப்புறம் வந்து அள்ளிட்டுத்தான் போகோணும். அண்ணனக் கேட்டா வித்துருங்கறார். என்னாச்சு அவருக்கு?"

"ஆத்தா வேண்டாம்னுட்டா."

"அடப்பாவமே. உங்களக் கூட்டிட்டுப் போகோணும்னு எத்தன நாளாச் சொல்லீட்டிருந்தார் தெரியுங்களா? 'முப்பது வருசமா அவகிட்டக் கத்தித்தான் பேசியிருக்கறேன் தங்கச்சி, சத்தமில்லாத எடத்துல ஒரு நா மெதுவாப் பேசிப் பாக்கோணும்'னு."

அடுப்பில் பால் பொங்கி வழிந்தது. நான் பார்த்துக்கொண்டே நின்றேன்.

உண்மையைச் சொல்லிவிடலாம்தான். ஆத்தாவையே ஏமாற்றியவள் என்று தெரிந்தால் அவர் என் கையால் தண்ணீர்கூட வாங்கிக் குடிக்கமாட்டார். சொல்லவும் முடியவில்லை, பொறுக்கவும் முடியவில்லை. படகையாவது சாகவிடக்கூடாது என்று தோன்றியது. புவனா பாலக்காட்டில் இருக்கிறாள். அவளைப் பார்க்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டு, ரயிலில் பாலக்காட்டைத் தாண்டிப் போனேன். இரண்டு வாரத்துக்கு ஒரு சனிக்கிழமை.

முழங்கால் தண்ணீரில் நின்றேன். நான்தான். படகைக் கரையில் சாய்த்துப்போட்டு, தோசைக் கரண்டியால் சிப்பி சுரண்டினேன். அடியில் துத்தநாகக் கட்டி ஒன்று இருக்க வேண்டுமாம். உப்பு முதலில் அதைத் தின்னுமாம், மற்ற இரும்பெல்லாம் தப்பிக்குமாம். அவர் அது இத்துப்போச்சு என்று கழற்றி எறிந்துவிட்டுப் பளபளவென்று ஒரு பித்தளைத் துண்டை முடுக்கியிருந்தார். அதைக் கழற்றிப் புதுக் கட்டி வைத்தேன். கொஞ்ச நாளில் ஹபீபுன்னிசா தன் கொட்டகைப் பாய் ஒன்றைக் கட்டி, என்னைப் பின்னால் உட்காரவைத்து, சுக்கான் கட்டையையும் கையில் கொடுத்தாள். லைப் ஜாக்கெட்டை இரண்டு முடிச்சுப் போட்டுக் கட்டிக்கொண்டு, கண்ணை மூடியே பத்தடி ஓட்டினேன்.

வீட்டுக்கு வந்தால் விசாரணை.

"என்ன அம்மணி, பாலக்காடு போயிட்டு வந்தா உன்ற மேல மீன் வாசம் அடிக்குது?"

"புவனா மீன் கொழம்பு வெச்சாளுங்க."

"அவ எப்பருந்து மீன் திங்கறா?"

"கேரளாக் காத்துங்க."

"கையெல்லாம் கீறல்?"

"முள்ளு மீனுங்க."

நம்பினார். அதுதான் எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

பங்குனியில் ஒரு நாள், புவனா கூப்பிடுகிறாள், அப்படியே கொச்சிக்கும் போய்ப் படகை விற்றுவிட்டு வரலாம் என்று அவரைப் பரண்மேல் இருந்த பாய் மூட்டையோடு கிளப்பினேன். "அதெதுக்கு?" என்றார். "வித்தா எல்லாம் சேத்துத்தானுங்க குடுக்கோணும்." கொச்சியில் போய் இறங்கினோம். படகு மூழ்கிக் கிடக்கும் என்று நினைத்துத் தலையைக் குனிந்துகொண்டே வந்தார். அது கழுவி வைத்த எவர்சில்வர் குண்டா மாதிரி மினுங்கிக்கொண்டு நின்றது.

"யாரு பாத்தது?"

ஹபீபுன்னிசா என்னைக் காட்டினாள்.

அவர் படகைச் சுற்றி வந்தார். ஒவ்வொரு கயிறாகத் தொட்டுப் பார்த்தார். ஒரு முடிச்சில் விரல் நின்றது. அறுந்த இழையை ஒட்டுவதற்குத் தறியில் போடும் முடிச்சு அது. எனக்கு அது ஒன்றுதான் தெரியும்.

"இத்தன ஆசைய வெச்சுக்கிட்டு வாயத் தொறக்காம இருந்திருக்கறயே" என்றார். "தெரிஞ்சிருந்தா அன்னிக்கே உன்ற பேர்ல பூக் கேட்டிருக்கலாம். ஆத்தா எனக்குத்தான் வேண்டாம்னா. உனக்கு என்ன?"

"அதும் கேட்டாச்சுங்க" என்றேன்.

அவர் முகம் மலர்ந்தது. அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை. பாயை ஏற்றினார். முன்னால் போய், டவுன்பஸ்ஸில் ஓரத்து சீட்டுக் கிடைத்த ஆள் மாதிரி உட்கார்ந்துகொண்டார். படகு அவருடையது. சுக்கான் என் கையில்.

காற்று பிடித்தது. கரைச் சத்தம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து, கடைசியில் தண்ணீர் படகில் உரசுவது மட்டும் கேட்டது. அவர் திரும்பாமலேயே, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி கேட்டார்.

"உன்ற பல்லு வலி இப்பப் பரவால்லியா?"

அந்தப் பல்லைப் பிடுங்கி நாலு வருஷம் ஆகிறது.

"பரவால்லீங்க" என்றேன், நானும் மெதுவாகவே.

துறைமுக வாய் தெரிந்தது. அதற்கப்பால் கடல் வேறு நிறமாக இருந்தது.

"தாண்டலாமா, அம்மணி?"

"நான் உப்பங்கழிக்கு மட்டுந்தானுங்க பூக் கேட்டேன்."

அவர் தலையாட்டினார். ஆத்தா சொன்னால் சரி. நான் சுக்கானைத் திருப்பினேன். அவர் திரும்பித் திரும்பி அந்த வாயைப் பார்த்துக்கொண்டே வந்தார். என்னைப் பற்றி நல்லவிதமாக நினைத்துக்கொண்டுதான் வந்தார். கண்ணை மூடினால் அந்தக் கழுத்துத் திரும்பியதுதான் இன்றைக்கும் எனக்கு முன்னால் வருகிறது.

பூக் கேட்டது பொய்யில்லை. கொச்சிக்குக் கிளம்புவதற்கு முந்தின வாரம் தனியாகக் கோயிலுக்குப் போய்க் கேட்டேன். ஒரு வெள்ளை, ஒரு சிவப்பு. பொட்டணத்தை நான் தொடவே இல்லை, பூசாரி சம்சாரத்தைக் கட்டச் சொன்னேன். உப்பங்கழிக்குள் நான் ஓட்டலாமா என்று மட்டும் கேட்டேன். பூசாரி ஒன்றை எடுத்துக் கொடுத்தார். வாங்கி வந்து சாமி அலமாரியில் குங்குமச் சிமிழுக்குப் பின்னால் வைத்தேன். பிரிக்கவில்லை. பங்குனி போய், சித்திரை போய், ஆடியும் வந்துவிட்டது.

வெள்ளையோ சிவப்போ எல்லாம் ஒரே கறுப்பாகச் சருகாகிற வரைக்கும் பொறுத்திருந்து, போன வெள்ளிக்கிழமைதான் பிரித்தேன்.