தோல்வி ஏற்பாட்டுக் குழு

உலகத்தில் தோல்வியே காணாத தளபதிகள் யார் யார் என்று பட்டியல் போடுகிறவர்கள், புச்சோன் நகரத்து அட்டைப்பெட்டி ஆலையின் முதலாளி தாக் மன்சுவை விட்டுவிட்டு அதை அச்சடிக்கக் கூடாது. அவர் பன்னிரண்டு வருடம் வெள்ளிக்கிழமைதோறும் போர் செய்தவர். ஒரு போரில்கூடத் தோற்றதில்லை. அந்த ஆலையில் கட்டுத் தூக்குகிற ஆளாக இருந்த நான் இதில் கடைசி இரண்டு வருடத்துக்குக் கண்கண்ட சாட்சி.

போர் என்றால் ‘விண்படை’. கணினியில் ஆடுவது. ஆட்களை விட்டுச் சுரங்கம் தோண்ட வேண்டும், அதில் வருவதை வைத்துப் பாசறை கட்ட வேண்டும், சிப்பாய்களை உண்டாக்கி எதிராளியின் பாசறையை அழிக்க வேண்டும். நீங்கள் யோசிக்கிறீர்கள் என்பதற்காக எதிராளி காத்திருக்க மாட்டான். செய்தவர்கள் அமெரிக்காக்காரர்கள். ஆனால் அதைத் தொலைக்காட்சியில் நேரலையாகப் போட்டதும், ஆடுகிறவர்களுக்குச் சீருடை தைத்ததும், அவர்கள் தோற்றால் வீட்டில் சோறு இறங்காமல் உட்கார்ந்திருந்ததும் கொரியாவில் நாங்கள்தான்.

வெள்ளிக்கிழமை ஆறு மணிக்கு இயந்திரங்கள் நிற்கும். அதிகாரிகள் அனைவரும் சாலையைக் கடந்து எதிர்க் கட்டிடத்தின் இரண்டாம் மாடியில் இருக்கும் கணினி விளையாட்டுக் கடைக்குப் போவார்கள். என் போன்றவர்கள் பின்னால் நின்று கைதட்ட வேண்டும். முதலாளி நடு நாற்காலியில் அமர்வார். அதிகாரிகள் ஒருவர்பின் ஒருவராக அவரிடம் தோற்பார்கள்.

தோற்பது எளிய காரியம் என்று நினைக்கிறவர்கள் அலுவலகத்தில் வேலை பார்க்காதவர்கள். அதற்கு எழுதாத சட்டம் இருந்தது. புதிதாகச் சேர்ந்தவர் எட்டு நிமிடத்தில் தோற்கலாம். பிரிவுத் தலைவர் பதினான்கு நிமிடம் தாங்க வேண்டும். பொது மேலாளருக்கு இருபத்திரண்டு நிமிடம். சீக்கிரம் தோற்றால் முதலாளியை மதிக்கவில்லை என்று அர்த்தம். அதிகம் தாங்கினால் அதற்குப் பெயர் ‘தலைக்கனம்’. முதலாளிக்குத் தேடிப் போய்த் தாக்குகிற வழக்கம் கிடையாது. தோற்க வேண்டியவர்தான் தம் படையைப் பத்திரமாக ஓட்டிக்கொண்டு வந்து, அவருடைய பீரங்கிகள் முன்னால் வரிசையாக நிறுத்தி, அழித்துத் தரும்படி கேட்டுக்கொள்ள வேண்டும். பிறகு எழுந்து, இரண்டு கையாலும் அவருக்குச் சோஜு மது ஊற்றி, "இன்னைக்கும் ஒண்ணு கத்துக்கிட்டேன்" என்று சொல்ல வேண்டும்.

இப்படிச் சீராக நடந்துகொண்டிருந்த நிர்வாகத்தில் ‘விண்படை இரண்டு’ வந்து விழுந்தது.

பன்னிரண்டு வருடமாக நாடே எதிர்பார்த்த ஆட்டம். ஜூலையில் வெளியாகும் என்றார்கள். அதற்கு முன்பே சோதனைப் பதிப்பு ஒன்று கடைக்கு வந்துவிட்டது. வருகிற வெள்ளிக்கிழமை அதில்தான் ஆட்டம் என்று முதலாளி ஆணையிட்டார். அன்று மதியம் அதிகாரிகளில் ஒருவரும் சாப்பிடவில்லை. பழைய ஆட்டத்தில் எப்படித் தோற்பது என்று அவர்களுடைய விரல்களுக்குத் தெரியும். புதியதில் யாருக்குத் தெரியும்?

செவ்வாய்க்கிழமை பன்றி இறைச்சி சுடுகிற கடையில் அவசரக் கூட்டம் நடந்தது. தலைமை, பிரிவுத் தலைவர் யோம். கூட்டத்தின் பெயர் ‘புதிய சூழலுக்கான ஆயத்தக் குழு’. இறைச்சியைக் கத்தரிக்க ஆள் வேண்டும் என்று என்னையும் கூட்டிப் போயிருந்தார்கள். யோம் ஏற்கெனவே தனியாகப் பயிற்சி எடுத்திருந்தார். தோற்க முயன்று இரண்டு முறை ஜெயித்துவிட்டதாக ஒப்புக்கொண்டார். புது ஆட்டத்தில் சிப்பாய்கள் தாங்களாகவே நன்றாகச் சண்டை போடுகிறார்களாம். கொஞ்சம் அசந்தால் வெற்றி வந்துவிடுகிறதாம். போதாததற்கு, பழைய ஆட்டத்தில் எல்லாம் ஆங்கிலம். ஒருவருக்கும் படிக்கத் தெரியாது, இடம் பார்த்து அழுத்துவார்கள். இதில் எல்லாம் கொரிய எழுத்து. படித்துப் பார்த்து அழுத்த வேண்டியிருக்கிறது.

சரக்குப் பிரிவு அதிகாரி ஒருவர், முதலில் ஆடுகிறவர் ஆட்டமே தெரியாதவராக இருக்கட்டும், தோல்வி இயற்கையாக அமையும் என்றார். மேசையைச் சுற்றி ஒரு நிம்மதி பரவியது. எல்லோரும் கத்தரிக்கோலோடு நின்ற என்னைப் பார்த்தார்கள்.

யோம் என்னைப் பக்கத்தில் உட்கார வைத்து ஊற்றிக் கொடுத்து, என் குடும்பப் பெயரைச் சொல்லி மரியாதையாகக் கூப்பிட்டார். "மா அண்ணே, உங்களுக்கு இது எத்தனாவது மாசம்?"

"இருபத்திரண்டு, சார்."

ஒப்பந்த ஆள் இரண்டு வருடம் தாண்டினால் நிரந்தரம் ஆக்க வேண்டும் என்பது சட்டம். இருபத்துமூன்றாம் மாதத்தில் அவனுக்கு நன்றி சொல்லி அனுப்பிவிடுவது வழக்கம். எனக்கு வயது ஐம்பத்தேழு. இதற்கு முன் நான்கு ஆலைகளில் எனக்கு நன்றி சொல்லியிருக்கிறார்கள். இனி ஐந்தாவதாக ஓர் ஆலை என்னை எடுக்காது என்பது என் முதுகுக்கே தெரியும்.

"பதினஞ்சு நிமிஷம் தாக்குப் பிடிச்சுத் தோத்துடுங்க. நிரந்தரப் பட்டியலுக்கு உங்க பேரை நானே முதலாளிகிட்ட சொல்றேன்," என்றார் யோம்.

மறுநாள் இதை ஒட்டுப் பிரிவில் இருக்கும் குக் மல்சுன் அக்காவிடம் சொன்னேன். பசை வாளியைக் கலக்கிக்கொண்டே கேட்டாள். "சரியான ஆளைத்தான் பிடிச்சிருக்காங்க. இந்த ஆலைல உன்னளவுக்குத் தோத்த அனுபவம் யாருக்கு இருக்கு?" என்றாள். பிறகு கொஞ்சம் யோசித்து, "பார்த்துய்யா, இதுலயும் கோட்டை விட்டுடாத," என்றாள்.

வெள்ளிக்கிழமை ஆறு மணி. என்னை முதலாளிக்கு எதிர் நாற்காலியில் உட்கார வைத்தார்கள். நான் ஐம்பது வயதுக்கு மேல் மாலைப் பள்ளியில் எழுத்துப் படித்தவன். எழுத்து எங்கே தென்பட்டாலும் விடாமல் படித்துவிடுவேன், மருந்துச் சீட்டு உட்பட. திரையில் இருந்த ஒவ்வொரு பொத்தானையும் எழுத்துக் கூட்டி வாசித்தேன். என்னுடைய ஆட்கள் தாமாகவே சுரங்கம் தோண்டிக்கொண்டிருந்தார்கள். அவர்களைத் தொந்தரவு செய்ய மனம் வரவில்லை. முதலாளி வந்து அழிப்பார் என்று காத்திருந்தேன்.

பதினைந்து நிமிடம் ஆயிற்று. அவர் வரவில்லை. அரை மணி ஆயிற்று. வரவில்லை.

அவருக்கு என்ன தெரியும், பாவம். நான் வந்து தோற்பேன் என்று அவர் காத்திருந்தார். படையை ஓட்டிப் போக எனக்குத் தெரியாது, படையே என்னிடம் இல்லை. இதற்கிடையில் அவர் வேறொன்றைக் கண்டுபிடித்திருந்தார். புது ஆட்டத்தில் திரையின் ஓரத்தில் ஒரு பொத்தான் உண்டு. எந்தத் தொழிலாளி வேலையில்லாமல் சும்மா நிற்கிறான் என்பதை அது காட்டிக்கொடுக்கும். அழுத்தினால் கண்ணை நேரே அவன் முன்னால் கொண்டுபோய் நிறுத்தும். மனித அறிவின் உச்சம் அது. முதலாளி சண்டையை மறந்தார். யாராவது ஒருவன் நிற்பான், அவர் அழுத்துவார், அவனைச் சுரங்கத்துக்குத் துரத்துவார், அடுத்தவனுக்காகக் காத்திருப்பார். நிஜ ஆலைக்கு இந்தப் பொத்தான் எங்கே கிடைக்கும் என்று யோமிடம் விசாரித்தார். யோம் குறித்துக்கொண்டார்.

ஒன்றரை மணி நேரத்தில் இரண்டு பக்கத்துச் சுரங்கங்களும் தீர்ந்துபோயின. தோண்ட ஒன்றுமில்லை. அவருடைய ஆட்கள் அறுபது பேரும் ஒரே நேரத்தில் சும்மா நின்றார்கள். பொத்தான் அணையவே இல்லை. முதலாளியின் நெற்றியில் வியர்வை வழிந்தது. கைதட்ட நின்றவர்கள் ராம்யோன் நூடுல்ஸ் வாங்கிச் சாப்பிட்டு முடித்திருந்தார்கள். யோம் என் காதருகில் குனிந்தார்.

"அண்ணே, எப்படியாவது தோத்துத் தொலைங்க. பொது மேலாளரையே தாண்டிட்டீங்க. இது நல்லதுக்கில்ல."

மேல்மூலையில் ஒரு பட்டியல் இருந்தது. நிதானமாக வாசித்துக்கொண்டு இறங்கினேன். ‘அமைப்புகள்.’ ‘உதவி.’ ‘சரணடைதல்.’ இவ்வளவு அழகான சொல்லை மாலைப் பள்ளியில் எனக்குச் சொல்லித்தரவில்லை. அழுத்தினேன்.

முதலாளியின் திரையில் ‘வெற்றி’ என்று வந்தது. கடையே கைதட்டியது. நான் எழுந்து இரண்டு கையாலும் ஊற்றிக் கொடுத்து, கத்துக்கிட்டேன் என்றும் சொன்னேன். அவர் என் தோளைத் தட்டினார். தம் வாழ்நாளில் இவ்வளவு நேரம் எவனும் தம்மை எதிர்த்து நின்றதில்லை என்றும், என் பொறுமை ஒரு தளபதிக்கு உரியது என்றும் அதிகாரிகளுக்கு எடுத்துச் சொன்னார்.

யோமைக் குறை சொல்ல மாட்டேன். அவர் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். நல்ல நேரம் பார்த்து, "முதலாளி, நம்ம மா அண்ணனுக்கு இருபத்திமூணாவது மாசம் பிறக்குது. நிரந்தரம் பண்ணிடலாமான்னு..." என்று இழுத்தார்.

முதலாளி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு, இன்னும் அணையாமல் இருந்த திரையைக் காட்டினார்.

"அங்க பாரு. அறுபது பேர். ஒண்ணரை மணி நேரம் ஒரு வாய் தண்ணி குடிக்காம தோண்டினாங்க. ஒருத்தனாவது நிரந்தரம் கேட்டானா?"

அதிகாரிகள் தலையாட்டினார்கள். உண்மையிலேயே யாரும் கேட்டிருக்கவில்லை. முதலாளி என் பக்கம் திரும்பி, வேறு யாரையும் விட எனக்கு இது நன்றாகப் புரியும் என்றார். புரிந்தது. இருபத்துமூன்றாம் மாதக் கடைசியில் எனக்கு ஒரு துண்டும் ஒரு பெட்டி பேரிக்காயும் கொடுத்து நன்றி சொன்னார்கள்.

‘விண்படை இரண்டு’ ஜூலையில் முறையாக வெளியானது. முதலாளி இன்னமும் தோற்கவில்லை என்று குக் அக்கா போனில் சொன்னாள். என் இடத்துக்கு வந்த ஆளைத்தான் இப்போது எதிரே உட்கார வைக்கிறார்களாம். எனக்கு ஆச்சரியமில்லை. அந்த மாவீரரை ஒருவராலும் ஜெயிக்க முடியாது. அவருக்காகத் தோற்கிற வேலை ஒன்றுதான் அந்த ஆலையில் நிரந்தரம். இருபத்துமூன்று மாதத்துக்கு ஒருமுறை ஆளை மட்டும் மாற்றுவார்கள்.