அட்டவணைக்கும் ஆடி உண்டு

உலகத்திலேயே கணினிக்கு நல்ல நேரம் பார்த்து வேலை கொடுக்கும் ஒரே நிறுவனம், பினாங்கில் உள்ள எங்கள் 'மங்கல மாலை' திருமணத் தகவல் நிலையம்தான் என்பதை மிகுந்த அடக்கத்துடன் தெரிவித்துக்கொள்கிறேன். நான் அதன் செயலாளர். கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலைக்குப் பக்கத்துச் சந்தில், நாசி கண்டார் சோற்றுக் கடைக்கு மேல்மாடியில் இருக்கிறோம். எங்களிடம் வரும் ஜாதகங்கள் எல்லாம் இரண்டே நாளில் மீன் தலைக் கறி மணக்கத் தொடங்கிவிடும்.

இரண்டு லட்சம் வரன்களின் 'பதிவேடு' எங்கள் கணினியில் இருக்கிறது. எந்தச் சொல் எந்த வரனின் குறிப்பில் வருகிறது என்று நொடியில் எடுத்துக் கொடுக்க, 'தேடல் அட்டவணை' என்று தனியாக ஒன்று உண்டு. மக்கள் கைப்பேசியில் தேடினால் வருவது அட்டவணையில் உள்ளதுதான். பதிவேட்டில் மாறியது அட்டவணையில் ஏற, என் கணினியில் ஒரு பொத்தானை அழுத்த வேண்டும். பத்து நிமிடத்தில் வேலை முடிந்துவிடும்.

கணினிப் பிரிவுக்கு வந்த காமினி, முதல் வாரமே ஒரு விபரீத யோசனை சொன்னாள்.

"சார், மாறினத மட்டும் அஞ்சு நிமிசத்துக்கு ஒருக்கா தானா அட்டவணைக்குப் போற மாதிரி செஞ்சிடலாம். சுலபம்லா."

தலைவர் சுப்பையா கண்களை மூடி யோசித்தார். "அஞ்சு நிமிசத்துக்கு ஒருக்கான்னா, நடுவுல ராகு காலம் வருமேம்மா?"

காமினி ஒப்புக்கொண்டாள். வரத்தான் செய்யும்.

அவசரக் கூட்டம் கூடியது. மாதம் ஒரு முகூர்த்தத்தில், சர்வருக்குக் குங்குமம் இட்டு, எலுமிச்சம்பழம் நசுக்கி, அட்டவணை 'புதுப்பிக்கப்படும்' என்று ஏகமனதாகத் தீர்மானமாயிற்று. ஆடியில் கிடையாது. மார்கழியில் அதைப் பற்றிப் பேசவும் கூடாது.

இந்த வேளையில்தான் கோகிலனுக்கு நிச்சயமாயிற்று. மாக் மண்டின் வட்டாரத்தில் ஒரு தொழிற்சாலையில் வேலை, வயது முப்பத்தெட்டு. ஒன்பது வருடமாக எங்கள் 'மதிப்புமிகு உறுப்பினர்'. அதாவது, ஒன்பது வருடமாக ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை. ஆனி மாதக் கடைசி முகூர்த்தத்தில் கெலுகோர் ஆசிரியை மோகனா வீட்டில் தட்டு மாற்றினார்கள். அதே முகூர்த்தத்தில் நான் பொத்தானை அழுத்தினேன். கோகிலனின் செய்தி வந்தபோது ஒரு மணி நேரம் பிந்திவிட்டது. பதிவேட்டில் உடனே 'நிச்சயமானவர்' என்று மாற்றினேன். அட்டவணையில் 'பெண் தேடுகிறார்' என்றே நின்றது. போதாததற்கு, மூன்று வாரத்துக்கு முன் அவர் தெரிவித்த பதவி உயர்வும் புது வீடும் அன்றைக்குத்தான் அட்டவணையில் ஏறின.

ஆடி பிறந்தது. கோகிலனின் கைப்பேசி ஓயவில்லை.

மோகனாவின் தாய் வள்ளியம்மா மூச்சிரைக்கப் படியேறி வந்தார். "என் தங்கச்சி பாசார்ல மீன் வாங்கிட்டே போன்ல தேடிப் பாத்துருக்கா. மாப்பிள்ளை இன்னும் பொண்ணு தேடுறாராம். எங்க மோகனாவ விட நல்லதா வருமான்னு பாக்குறாரா?"

"இல்லக்கா, பதிவேட்டுல நிச்சயமானவர்னுதான் இருக்கு. இங்க பாருங்க," என்றேன்.

"அத நீங்கதான் பாக்குறீங்க. ஊரு போன்லதானே பாக்குது."

பின்னாலேயே கோகிலன் வந்தார். "அண்ணே, மோகனா புது வீட்டுக்கு கர்ட்டன் அளவெடுக்க வந்தப்ப, கிள்ளான்லேருந்து ஒரு குடும்பம் வந்து அவ கையிலயே ஜாதகத்தக் குடுத்துட்டாங்க. எனக்கு அவதாண்ணே வேணும். ஒரே ஒரு தடவ அழுத்துங்கண்ணே."

எனக்கு மனம் இளகிவிட்டது. விரல் பொத்தான் வரை போயிற்று. தலைவர் என் விரலைப் பார்த்தார். விரல் திரும்பி வந்தது.

"ஆடியில தொட்டா உங்க கல்யாணத்துக்குத்தான் ஆகாது தம்பி," என்றார் தலைவர் கனிவாக.

"தொடலைன்னா கல்யாணமே நடக்காது சார்," என்றாள் காமினி.

"அவசரப்படாதம்மா. ஆவணி ஏழாம் தேதி அருமையான முகூர்த்தம் இருக்கு."

"அன்னைக்குத்தான் சார் எனக்குக் கல்யாணம்," என்றார் கோகிலன்.

"பாத்தீங்களா, என்ன பொருத்தம்," என்று தலைவர் பூரித்துப்போனார்.

ஆடி இருபத்தெட்டுக்குள் நாற்பத்தொரு குடும்பங்கள் கோகிலனை விசாரித்தன. இருபத்தொன்பதாம் நாள் வள்ளியம்மா நிச்சயத்தை முறித்துக்கொண்டார். நான் கடமை தவறாதவன். பதிவேட்டில் அந்த நிமிடமே 'பெண் தேடுகிறார்' என்று மாற்றினேன்.

ஆவணி ஏழாம் தேதி எலுமிச்சம்பழம் தயாராக இருந்தது. பொத்தானை அழுத்துமுன் காமினி கோகிலனின் பெயரை இரண்டிலும் தேடினாள். பதிவேட்டில், 'பெண் தேடுகிறார்'. அட்டவணையிலும் அதுவே.

தலைவர் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். "நான் சொல்லல? அட்டவணை தப்பே பண்ணல. பதிவேடுதான் கொஞ்சம் அவசரப்பட்டுடுச்சு."

அவருக்கு நானே பொன்னாடை போர்த்தினேன். அட்டவணையைத் திருத்தப் பத்து நிமிடம் போதுமாயிருந்தது. நாங்கள் ஒரு மாதம் பொறுமையாக இருந்து, அட்டவணையைத் தொடாமலே கோகிலனைத் திருத்திவிட்டோம்.