வாலண்டைன் வீட்டு ஐம்பத்து மூன்று கிளைகள்

கிளை போடுகிறவர்கள் என்று ஓர் இனம் நம்மிடையே பெருகி வருகிறது. பிரிக்பீல்ட்ஸ் முதல் கிள்ளான் வரை தெருவுக்கு ஒருவராவது தேறுவார். இவர்கள் ஏஐ-யிடம் ஒரு கேள்வி கேட்பார்கள். பதில் வரும். நீங்களும் நானும் என்ன செய்வோம்? படித்துவிட்டு வேலையைப் பார்ப்போம். இவர்களோ அந்தப் பதிலை ஒரு பெட்டிக்குள் அடைத்து, அதிலிருந்து நாலு கோடு இழுத்து, ஒவ்வொரு கோட்டின் முனையிலும் ஒரு புதுக் கேள்வியைத் தொங்கவிட்டு, அதற்கு வந்த பதில்களுக்கும் பெட்டி கட்டி, பச்சை, மஞ்சள், ஊதா என்று வண்ணம் பூசி, கடைசியில் முதலில் என்ன கேட்டோம் என்று திரை முழுக்கத் தேடிக்கொண்டிருப்பார்கள்.

கிள்ளானில் சரக்குக் கப்பல் அலுவலகம் ஒன்றில் வேலை பார்க்கும் வாலண்டைன் அப்படிப்பட்டவர். ஒரு நாள் பசியாறும்போது அவர் மகள் ஆட்ரி கேட்டாள்:

"அப்பா, நானும் கேவினும் கல்யாணம் பண்ணிக்கலாம்னு இருக்கோம். உங்களுக்குச் சம்மதமா?"

ஒரு சொல் போதும். வாலண்டைன் லேப்டாப்பைத் திறந்தார்.

"இரும்மா, கிளை போட்டுப் பார்த்துச் சொல்றேன்."

'மகளிடம் மனம்விட்டுப் பேசுங்கள்' என்று ஏஐ உடனே சொல்லிவிட்டது. அதையும் பெட்டியில் போட்டு ஓரமாகத் தள்ளிவைத்தார். மாப்பிள்ளை வேலை மாறினால்? பெற்றோர் இருக்கும் காஜாங்கிலேயே வீடு பார்த்தால்? ஆட்ரி முதலில் சிரித்தாள். அப்புறம் கேட்பதை நிறுத்தினாள். மூன்றாவது வாரம் அப்பாவோடு பேசுவதையே நிறுத்தினாள்.

"பிள்ளை முகமே வாடிப்போச்சு. ஒரு வார்த்தை சொல்லுங்க லா," என்றாள் மனைவி ஜெரால்டின்.

"நாற்பத்தேழு முடிஞ்சிருச்சு. இன்னும் ஆறு கிளைதான்."

ஜெரால்டின் பொறுமையிழந்தாள். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்ததும் வீட்டுக்கு வரும்படி கேவினின் பெற்றோரைத் தானே அழைத்துவிட்டாள். காஜாங்கிலிருந்து மார்க்கும் லூசியும் குச்சியில் சுட்ட சாத்தே இறைச்சிப் பொட்டலத்தோடு வந்தார்கள். வாலண்டைனுக்கு ஒரே பூரிப்பு. கிளைப் படத்தை டிவியில் இணைத்தார். கை தவறி ஓர் ஊதாப் பெட்டி திரை முழுக்க விரிந்தது: 'சம்பந்தி பிடிவாதக்காரராக இருந்தால்?'

ஆட்ரி முகத்தை மூடிக்கொண்டாள். மார்க் எழுந்தார். டிவிக்குப் பக்கத்தில் போய், கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, நிதானமாகப் படித்தார்.

"பிரதர், இது தப்பு."

"சாரி பிரதர், அது வந்து..."

"பிடிவாதத்துக்கு மட்டும் போட்டிருக்கீங்க. கோபக்காரரா இருந்தா? அதைத் தனியாப் பிரிக்கணும் லா. நான் அப்படித்தான் பிரிச்சேன்."

மார்க் தன் கைப்பேசியை நீட்டினார். வாலண்டைனைப் பற்றி மட்டும் பதினெட்டுப் பெட்டிகள்!

இரண்டு ஆண்களும் ஒரே திரையின் மேல் குனிந்தார்கள். ஜெரால்டினும் லூசியும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். அதற்குமேல் அறிமுகம் தேவைப்படவில்லை. சமையலறையில் தேநீர் கொதித்து முடிவதற்குள் சர்ச், மண்டபம், தேதி எல்லாம் பேசி முடித்துவிட்டார்கள்.

ஆட்ரி வந்து அப்பா எதிரில் நின்றாள். "ஜூன் பதினாலுப்பா."

வாலண்டைன் நிமிர்ந்தார். மூன்று வாரத்தில் முதல் தடவையாக மகளின் முகத்தைப் பார்த்தார். அவள் கண்கள் சிவந்திருந்தன.

"நீ சந்தோஷமா இருக்கியாம்மா?"

"இருக்கேன்பா."

"அப்ப எனக்குச் சம்மதம்." அந்த ஒரு கேள்வி அவருடைய எந்தக் கிளையிலும் இல்லை.

"ஜூன்ல மழை பெஞ்சா?" என்று ஆரம்பித்தார் மார்க்.

வாசகரே, ஒரு சந்தேகம். மார்க் கோபித்துக்கொண்டு எழுந்து போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நடுவில் நீங்கள் யோசித்தீர்களா? லூசி சமாதானம் செய்திருப்பாரா, ஆட்ரி வீட்டைவிட்டுக் கிளம்பியிருப்பாளா என்றுகூட? அப்படியென்றால், உங்கள் வீட்டிலும் யாரோ ஒருவர் உங்கள் பதிலுக்காகக் காத்திருக்கிறார். போய்ச் சொல்லிவிட்டு வாருங்கள்.