கத்தரிப்பூக் காரின் பூர்வீகம்

கணக்கு டீச்சரிடம் யாரும் எதையும் விற்கப் போகக் கூடாது. விற்கிறவருக்கும் நிம்மதி இல்லை, வாங்குகிற டீச்சருக்கும் நிம்மதி இல்லை. கூடப் போகிற புருஷனின் நிலைமையைச் சொல்லவே வேண்டாம். பதுளைச் சந்தையில் நான் தக்காளியைப் புரட்டிப் பார்க்கத் தொடங்கினால், என் கணவர் பக்கத்துக் கடையில் தேத்தண்ணி குடித்து, பேப்பரையும் படித்து முடித்துவிட்டு வந்து, "முடிஞ்சுதா?" என்பார். (முடிந்திருக்காது.)

அப்படிப்பட்ட நான் ஒரு கார் வாங்கக் கிளம்பினேன்.

பள்ளிக்கூடத்துக்கு இரண்டு பஸ் மாறிப் போய்வந்து அலுத்துப்போயிருந்த நேரம் அது. புதுக் கார் நமக்கு எட்டாது. கொஞ்சம்தான் ஓடிய, கிட்டத்தட்டப் புதுசு என்கிற வகைதான் சரிப்படும். டவுனுக்கு வெளியே, ஓடிய கார்களை விற்கும் ஒரு கார் சேலில் அப்படி ஒன்று நின்றது. சின்ன ஜப்பான் கார். கத்தரிப்பூ நிறம். சீட்டுகளின் பிளாஸ்டிக் உறையைக்கூட இன்னும் கழற்றவில்லை. சேல் நடத்தும் மோகன் வாயெல்லாம் பல்லாக ஓடி வந்தார்.

"ஒரே ஓனர், டீச்சர். கொஸ்லந்தப் பக்கம் தோட்டத்துப் பையன், சுதாகர்னு பேரு. வெளிநாடு போயிட்டாரு. அதனாலதான் என்கிட்ட விட்டு விக்கச் சொல்லியிருக்காரு. இல்லன்னா இந்த மாதிரி வண்டிய யாராவது குடுப்பாங்களா?"

நான் கைப்பையைத் திறந்து காந்தத்தை எடுத்தேன். அதைக் கைக்குட்டையில் சுற்றி, கதவு, பானட், கூரை என்று எல்லா இடத்திலும் ஒட்டிப் பார்த்தேன். இடிபட்ட இடத்தைப் பூசி மறைத்திருந்தால் காந்தம் ஒட்டாது என்று ஒரு வீடியோவில் சொல்லியிருந்தார்கள். எல்லா இடத்திலும் ஒட்டியது. வெள்ளத்தில் நின்ற வண்டியா என்று அறிய, கால்விரிப்பைத் தூக்கி மோந்து பார்த்தேன். (கூட வந்த என் கணவரையும் மோந்து பார்க்கச் சொன்னேன். "நல்லா இருக்கு" என்றார், ஏதோ ரசத்தை ருசி பார்த்த மாதிரி.) சீட் பெல்ட்டை முழுதாக இழுத்துப் பார்த்தேன். கண்ணாடிகளின் மூலையில் இருக்கும் அடையாளங்களை ஒன்றோடொன்று ஒப்பிட்டேன். சர்வீஸ் ரசீதுகளையும் ஓடிய தூரத்தையும் கணக்குப் போட்டுப் பார்த்தேன். பதிவுப் புத்தகத்தில் இருந்தது ஒரே பெயர்தான்.

ஒரு குற்றமும் இல்லை. அதுதான் எனக்குச் சந்தேகத்தைக் கொடுத்தது. வகுப்பில் எல்லாக் கணக்கையும் சரியாகப் போடுகிற பிள்ளையின் பக்கத்தில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று முதலில் பார்ப்பவள் நான்.

"இந்தப் பையனோட தோட்டத்துக்குப் போய், அக்கம்பக்கத்துல விசாரிக்கணும்" என்றேன்.

மோகனின் பற்கள் உள்ளே போய்விட்டன. "டீச்சர், அவரு அங்க இல்லையே?"

"அவரு இல்லன்னா என்ன, ஊரு இருக்குல்ல? வண்டி எங்கயாவது பள்ளத்துல விழுந்திருந்தா ஊருக்குத் தெரியாமலா இருக்கும்?"

வேறு யாரும் அந்தக் காரைத் திரும்பிப் பார்க்காததால் மோகன் சம்மதித்தார். ஞாயிற்றுக்கிழமை காலை, அதே காரில் கிளம்பினோம். நான் ஓட்ட, மோகன் பக்கத்தில். இவர் பின் சீட்டில், எலுமிச்சை வாசம் குமட்டலுக்கு நல்லது என்று ஒரு தேசிக்காயை மூக்கில் வைத்துக்கொண்டு. வளைந்த ரோட்டில் வண்டி நூறு அடி போனாலே வயிற்றைப் புரட்டும் இவருக்கு. பண்டாரவளையிலேயே என் சால்வையை வாங்கி முகத்தை மூடிப் படுத்துவிட்டார். "படுத்ததுதான் படுத்தீங்க, அடியில ஏதாவது சத்தம் கேக்குதான்னு காதை வச்சுப் பாருங்க" என்றேன்.

ஹப்புத்தளையில் மூடுபனி. பெரகலையில் இறங்கும்போது பிரேக்கை மூன்று தரம் சோதித்தேன். (மோகன் மூன்று தரமும் டேஷ்போர்டைக் கட்டிப்பிடித்தார்.) கொஸ்லந்தைக்குச் சற்று முன்னால் தேயிலைக்குள் ஏறும் கொங்கிறீட் பாதையில் திரும்பினோம். ஒரு பக்கம் மண்மேடு, மறுபக்கம் பள்ளம். ஒரு கார் மட்டுமே போகலாம். தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயங்களுக்கு முன்னால் இருந்த கடைசி வளைவில், முறைப்படி ஹோர்ன் அடித்தேன்.

மேலே, தண்ணீர் பிடிக்கும் பீலியடியில் குடத்தோடு நின்ற ஒரு பெண் எங்களைப் பார்த்தாள். குடத்தை அப்படியே போட்டாள்.

"கார் வந்திருச்சி! சுதாகர் கார் வந்திருச்சி!"

லயத்துக் கதவுகள் ஒவ்வொன்றாகத் திறந்தன. மோகன் பெருமையாக என்னைப் பார்த்தார். "பாத்தீங்களா டீச்சர், வண்டிக்கு ஊருக்குள்ள எவ்வளவு மரியாதைன்னு."

மரியாதை ஓடி வந்தது. யார் முகத்திலும் சிரிப்பு இல்லை. நாலைந்து இளைஞர்கள் எங்களைத் தாண்டிப் பின்னால் போனார்கள். பின் சக்கரங்களுக்குக் கீழே கல் வைக்கும் சத்தம் கேட்டது. பெண்கள் இரண்டு பக்கமும் சூழ்ந்தார்கள். கடைசியாக, மடித்துக் கட்டிய சாரத்தோடு ஒல்லியான ஒரு மனிதர் நிதானமாக இறங்கி வந்து, காருக்கு முன்னால் ரோட்டிலேயே உட்கார்ந்தார். கத்தவில்லை. எங்களைப் பார்க்கக்கூட இல்லை. அவர் கத்தியிருந்தால் எனக்கு இவ்வளவு பயம் வந்திருக்காது.

கதவைப் பூட்டலாம் என்று ஒரு பட்டனை அழுத்தினேன். வைப்பர் ஓடத் தொடங்கியது. இன்னொன்றை அழுத்தினேன். கண்ணாடி கீழே இறங்கியது. அதை ஏற்றப் போய், பதற்றத்தில் முழங்கையால் ஹோர்னை அழுத்திவிட்டேன். கூட்டம் அதைச் சண்டைக்கு அழைப்பதாக எடுத்துக்கொண்டது.

"பின்னால ஒருத்தன் மூஞ்சிய மூடிக்கிட்டுப் படுத்திருக்கான்!" என்று ஓர் இளைஞன் அலறினான். "அவன்தான்! ஒளிஞ்சிக்கிட்டு வந்திருக்கான்!"

பின் கதவு திறந்தது. இரண்டு கைகள் இவருடைய காலைப் பிடித்து இழுத்தன. சால்வை நழுவியது. வழுக்கைத் தலையும், நரைத்த மீசையும், கையில் தேசிக்காயுமாக என் கணவர் வெளியே வந்து நின்றார். கூட்டத்தைச் சுற்றிப் பார்த்தார்.

"ஹப்புத்தளை வந்திருச்சா?" என்றார்.

இழுத்தவன் கையை எடுத்துவிட்டான். பிறகு ஓர் அம்மா கூட்டத்தை விலக்கிக்கொண்டு என் ஜன்னலருகே வந்தார். அழுது அழுது கண் வீங்கியிருந்தது.

"யாரு நீங்க? சுதாகருக்கு நீங்க என்னா வேணும்?"

'அவர் முதல் ஓனர், நான் இரண்டாவது ஓனராக வாங்க வந்திருக்கிறேன்' என்று சொல்ல நினைத்தேன். பதற்றத்தில் "நான்... ரெண்டாவது..." என்பது மட்டும் வெளியே வந்தது.

"ரெண்டாவதா!" அந்த அம்மா நெஞ்சில் அடித்துக்கொண்டார். "அப்ப எம் புள்ளைய என்னா செஞ்சான்?"

நிலைமையைச் சரிசெய்ய மோகன் கீழே இறங்கினார். (இறங்காமலே இருந்திருக்கலாம்.) "அம்மா, அவங்க பயந்துட்டாங்க. நான் சொல்றேன். ரெண்டு பக்கமும் பேசி முடிச்சு வைக்கிறது நான்தான்."

"அப்ப நீதான் புரோக்கரா?"

"ஆமாங்க, பதுளையில எல்லாருக்கும் நான்தான்."

மோகனின் சட்டைக் காலர் கிழிந்த சத்தம் எனக்குக் காருக்குள்ளேயே கேட்டது.

அப்போதுதான் எனக்கு விஷயம் மெதுவாக விளங்கத் தொடங்கியது. நான் கதவைத் திறந்து இறங்கினேன். "அம்மா, நான் ஒரு டீச்சர். அவரு என் புருஷன். இந்தக் கார் விலைக்கு வந்திச்சி. வாங்கலாமான்னு விசாரிக்க வந்தோம். சுதாகரை நான் பாத்ததே இல்ல. சத்தியமா."

அந்த அம்மாவின் பெயர் செல்லம்மா. ரோட்டில் உட்கார்ந்திருந்தவர் அவருடைய கணவர் ராமையா. அவர்களுடைய ஒரே மகள் தர்ஷினிக்கு கொழும்பில் ஒரு மாப்பிள்ளை பேசியிருந்தார்கள். பூ வைப்பதற்கு முதல் நாள், அவள் சுதாகரோடு இந்தக் கத்தரிப்பூக் காரில் ஏறிப் போய்விட்டாள். அன்றிலிருந்து இருவருடைய போனும் வேலை செய்யவில்லை. அவள் உயிரோடு இருக்கிறாளா என்றுகூடத் தெரியாது. காந்தத்தை வைத்து நான் தேடிய பூர்வீகம் இதுதான்.

"அந்தப் பையன் இப்ப எங்க இருக்கான்?" என்று செல்லம்மா கேட்டார்.

மோகனுக்குப் பழக்கதோஷம். "வெளிநாடு போயிட்டாரும்மா" என்றார்.

செல்லம்மா கார் கதவோடு சரிந்து கீழே உட்கார்ந்தார். "எம் புள்ளைய எங்கயோ கொண்டுபோய் விட்டுட்டான்" என்று அவர் வைத்த ஓலத்தில், பெண்கள் எல்லாரும் சேர்ந்து அழத் தொடங்கினார்கள். ராமையா முதல்முறையாக எழுந்தார். மோகனை நோக்கி வந்தார்.

எனக்குள் ஏதோ ஒன்று மாறியது. பத்தாம் வகுப்பு பின் பெஞ்சைக் கேள்வி கேட்கும் என் குரல் தானாக வந்தது. "மோகன், என் மூஞ்சியப் பாருங்க. அவரு வெளிநாடு போனத நீங்க பாத்தீங்களா?"

மோகன் தரையைப் பார்த்தார்.

"பாத்தீங்களா, இல்லையா?"

"இல்ல டீச்சர்" என்றார், கிழிந்த காலரைப் பிடித்தபடி. "வெளிநாடு போறவங்க வண்டின்னா ஆளுங்க சந்தேகப்படாம வாங்குவாங்க. நாங்க எல்லா வண்டிக்கும் அதத்தான் சொல்றது. அவரு வெலிமடையில ஒரு மரக்கறி ஸ்டோர்ல வேலை செய்றாரு. சம்சாரமும் கூடத்தான் இருக்காங்க. வண்டி வித்தாச்சான்னு முந்தாநாள்கூடப் பேசினாரு. புது நம்பர யாருக்கும் குடுக்க வேணாம்னு சொன்னாரு. ஏன்னு நான் கேக்கல."

தோட்டத்தில் சிக்னல் கிடைப்பது பீலிக்கு மேலே உள்ள பாறையில் மட்டும்தான். எல்லாரும் ஏறினோம். மோகன் நம்பரை அழுத்தி, ஸ்பீக்கரில் போட்டார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. எடுத்துவிட வேண்டுமே என்று நான் வேண்டாத தெய்வம் இல்லை.

"அண்ணே, வண்டி போயிருச்சா?" என்றது ஓர் இளைஞனின் குரல்.

நான் போனை வாங்கினேன். "தம்பி, காரைப் பாக்க வந்த டீச்சர் பேசுறேன். தர்ஷினி பக்கத்துல இருக்காளா? அவ அம்மா இங்க நிக்கிறாங்க. போனை வச்சிராதீங்க."

பிறகு ஒரு பெண்குரல், "அம்மா?" என்றது.

செல்லம்மாவுக்கு எத்தனையோ கேட்க இருந்திருக்கும். திட்டவும் இருந்திருக்கும். போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "சாப்பிட்டியா?" என்று மட்டும் கேட்டார். அந்தப் பக்கம் அழுகைதான் பதிலாக வந்தது. என் கணவர் தேசிக்காயை வைத்தே கண்ணைத் துடைத்துக்கொண்டு, அதன் பிறகு கண் எரிகிறது என்று பீலியடிக்கு ஓடினார்.

ராமையா தள்ளியே நின்றார். கடைசியில் கையை நீட்டினார். போனை வாங்கி, "அவன் எதுக்குக் காரை விக்கிறானாம்?" என்றார்.

"வீடு எடுக்கணும்பா. இப்ப ஸ்டோருக்குப் பின்னால ஒரு ரூம்லதான் இருக்கோம்."

அவர் எதிர்மலைப் பக்கம் திரும்பினார். அவருடைய கையைப் பார்க்கப் பயமாக இருந்தது. போனைப் பள்ளத்தில் எறிந்துவிடுவார் என்றே நினைத்தேன்.

"விக்க வேணாம்னு சொல்லு" என்றார். "இங்க ஒரு அவசரம்னா வேற என்னா வண்டி இருக்கு? போன வாரம் பக்கத்து லயத்து லெச்சுமிக்குப் புள்ள வலி வந்து, தேயிலைக் கொழுந்து லொறியில ஏத்திக்கிட்டுப் போனோம். காரு இங்கயே நிக்கட்டும். ரெண்டு பேரும் வந்து சேருங்க."

போனை மனைவியிடம் கொடுத்துவிட்டு இறங்கிப் போனார். பின் சக்கரத்துக் கற்களைத் தானே குனிந்து எடுத்துப் போட்டார்.

இப்படியாக, ஒரு குற்றமும் இல்லாத அந்தக் கார் என் கையை விட்டுப் போனது. எங்களுக்கு இஞ்சித் தேத்தண்ணியும் ரொட்டியும் கிடைத்தன. மோகனுக்கு ஒரு சட்டை இரவல் கிடைத்தது. மூவரும் பஸ்ஸில்தான் பதுளைக்குத் திரும்பினோம். இவர் ஜன்னல் ஓரமாக, தலையை வெளியே நீட்டியபடி. தியத்தலாவை தாண்டியதும் மோகன் என் பக்கம் சாய்ந்தார். "டீச்சர், வெள்ளை நிறத்துல இன்னொன்னு இருக்கு. ஒரே ஓனர். வெளி..." என்று தொடங்கியவர், நான் திரும்பிப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டார்.

தர்ஷினியின் கல்யாணம் தோட்டத்துக் கோயிலில் நடந்தது. முன்வரிசையில் எங்களுக்கு நாற்காலி போட்டார்கள். அன்றிலிருந்து எங்கள் குடும்பத்தில் நான் வாய் திறக்க முடியவில்லை. பழைய ஃபிரிட்ஜ் ஒன்றை வாங்கலாமா என்று நான் கேட்டால், "ஓடிப்போன ஜோடி ஏதாவது உள்ள இருக்கான்னு திறந்து பாத்தியா?" என்கிறார் இவர்.

போன மாதம் என் தங்கச்சி மகள் வித்யா பழைய ஸ்கூட்டி ஒன்று வாங்கப் பார்த்தாள். "பெரியம்மாவ மட்டும் கூட்டிட்டுப் போயிராத. ஸ்கூட்டி வராது, மாப்பிள்ளைதான் வருவான்" என்று தங்கச்சி சிரித்துச் சிரித்துச் சொல்லியிருக்கிறாள். வீடே சிரித்திருக்கிறது.

வித்யா மட்டும் சிரிக்கவில்லை. மறுநாளே எனக்குப் போன் பண்ணினாள். ஸ்கூட்டி வெலிமடையில் இருக்கிறதாம். விற்கிற பையனின் வீட்டுக்கே போய், அவனுடைய அம்மா அப்பாவிடமும் நன்றாக விசாரிக்க வேண்டுமாம். நான் வராமல் அவள் வாங்கவே மாட்டாளாம்.

தங்கச்சிக்கு இன்னும் ஒன்றும் விளங்கவில்லை.