பதினோராம் நம்பர் மாசிலாமணி

ஒரு காட்டில் மாசிலாமணி என்று ஒரு முள்ளம்பன்றி இருந்தது. சிங்கராஜா தோட்டத்து மரவள்ளிக்கிழங்கைத் தோண்டித் தின்றுவிட்டது. ஒரே ஒரு கிழங்கு, அதுவும் பாதி சொத்தை. அதற்குப் போய்த் தூக்குத்தண்டனையாம்! கேட்டால் வயிறு எரியாதா?

நல்லவேளை, அந்தக் காட்டுச் சட்டத்தில் ஒரு வரி உண்டு. கொடூரமான தண்டனையும் கூடாது, வழக்கத்தில் இல்லாத தண்டனையும் கூடாது. வக்கீல் காக்கா அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டது.

“ஐயா, தூக்கு ரொம்பக் கொடூரம்!”

நீதிபதி கரடி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டது. “தொங்கினவங்க யாராவது அப்படிப் புகார் குடுத்திருக்காங்களா?”

குமாஸ்தா குரங்கு புகார்ப் பெட்டியைக் கவிழ்த்துக் காட்டியது. ஒரு பல்லி மட்டும் விழுந்தது.

“அப்போ கொடூரம் இல்லை. அடுத்தது?”

“இந்தக் காட்டுல இதுவரைக்கும் யாரையுமே தூக்குல போட்டதில்லையே! வழக்கத்துலயே இல்லாத தண்டனை, ஐயா!”

கரடி யோசித்தது. “நியாயம்தான். பத்துப் பேரைப் போட்டா வழக்கமாயிடும். அதுவரைக்கும் தண்டனை நிறுத்திவைப்பு.”

மாசிலாமணி கையில் பதினோராம் நம்பர் டோக்கனைக் கொடுத்தார்கள். ‘தூக்குக்கு எவன் வந்து நிற்பான்? பிழைச்சோம்டா சாமி!’ என்று அது முள்ளெல்லாம் குலுங்கச் சிரித்தது.

பாவம், நம் ஜனங்களைப் பற்றி அதற்குத் தெரியவில்லை. குரங்கு மரக்கிளையில் கயிறு கட்டி, ‘பத்துப் பேருக்கு மட்டும்’ என்று பலகை வைத்ததுதான் தாமதம், கூட்டம் முண்டியடித்தது.

“என்னண்ணே குடுக்கிறாங்க?” என்றது ஆடு.

“யாருக்குத் தெரியும்? பத்துப் பேருக்குத்தானாம், தள்ளாதே!” என்றது எருமை.

நரி குறுக்கே புகுந்தது. விஷயம் தெரிந்த வக்கீல் காக்காகூடப் பழக்கதோஷத்தில், “வழி விடுங்க, நான் கோர்ட்டுக்கு வேண்டியவன்” என்று எல்லாருக்கும் முன்னால் போய் நின்றுகொண்டது.

மத்தியானத்துக்குள் பத்தும் முடிந்தது.

“பதினொண்ணு!” என்று குரங்கு கூப்பிட்டது.

மாசிலாமணி அலறியது. “ஐயா, இது கொடூரம்! இப்பவே புகார் எழுதித் தர்றேன்!”

“அனுபவப்பட்டவங்கதான் எழுதணும்,” என்றது கரடி. “போயிட்டு வந்து குடு.”

மிச்சம் மீதி ஏதாவது கிடைக்கும் என்று பின்னால் நின்ற முயலுக்குப் பொறுக்கவில்லை. “சட்டுனு போங்கண்ணே, எங்களுக்கும் வேலை இருக்குல்ல!”

நீதி: எந்தக் கொடுமையும் பத்துத் தடவை நடந்தால் வழக்கமாகிவிடும், பதினோராவது ஆள் அலறினால், அவன் வரிசையைக் கெடுக்கிறான் என்று பொருள்.