ஒரு பொய்யும் சொல்லாமல் டிஷ் கழற்றுவது எப்படி

பொய்யர்களை அடையாளம் காண உங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. வாயைத் திறந்ததுமே பிடித்துவிடுவீர்கள். இங்கே சொல்லவருவது வேறு ஓர் இனம். இவர்கள் பொய்யே சொல்லமாட்டார்கள். உண்மையை எடுத்து, அதன் வாலை நறுக்கி, முகத்தைக் கொஞ்சம் திருப்பி, தங்களுக்கு வேண்டிய இடத்தில் கொண்டுபோய் நிறுத்திவிட்டு, பக்கத்தில் கைகட்டி நின்றுகொள்வார்கள். களவெடுப்பவனுக்கு இருட்டு வேண்டும். இவர்களுக்கு ஒரு நியாயம் வேண்டும். நியாயம் கிடைக்கும்வரை பிறர் காசில் ஐந்து சதத்தையும் தொடமாட்டார்கள். கிடைத்துவிட்டாலோ, பிடித்து நிறுத்த ஆளில்லை.

இவர்களுக்கு நியாயஸ்தர்கள் என்று பெயர் வைப்போம். கல்முனைக் கடைத்தெருவில் துணிக்கடை வைத்திருக்கும் ஜவுபர் ஹாஜியார் இந்த இனத்தில் கலப்பில்லாத வித்து. "இது சாயம் போகுமா ஹாஜியார்?" என்று நாவிதன்வெளியிலிருந்து வந்த பெண் கேட்டால், "இண்டுவரைக்கும் ஒருத்தரும் வந்து போச்சிண்டு சொல்லல்ல" என்பார். உண்மைதான். அந்தத் துணிக்கட்டை அன்று காலையில்தான் பிரித்தார். மறுகிழமை அந்தப் பெண் வெளுத்துப்போன துணியோடு வந்து நின்றால், கல்லாவுக்கு மேலே தொங்கும் பலகையை விரலால் காட்டுவார். 'விற்ற துணி திருப்பி எடுக்கப்படமாட்டாது.' பலகைக்கு வயது பதினைந்து. ஒருதடவைகூட அது வாக்குத் தவறியதில்லை.

சண்டை முடிந்து இரண்டு வருடத்தில் ஊரெல்லாம் கம்பனிகள் வந்து இறங்கின. அதுவரை எங்கள் பக்கத்து ஆட்களிடம் பெயர், முகவரி, அடையாள அட்டை இலக்கம் எல்லாம் கேட்டு எழுதியவை சோதனைச்சாவடிகள். இப்போது அதையே சிரித்த முகத்தோடு கேட்டு எழுதின வங்கிகள், லீசிங்காரர், போன்காரர். டிஷ் டீவிக்காரரும் வந்தார்கள். அவர்களுக்கு ஏஜன்ட், தம்பிலுவிலிலிருந்து தினமும் மோட்டார்சைக்கிளில் வந்துபோகிற வினோதன். இருபத்தாறு வயது. சட்டைப்பையில் எப்போதும் இரண்டு பேனை.

உலகக்கிண்ணக் கிரிக்கெட் நெருங்கியபோது ஜவுபர் ஹாஜியார் அவனைக் கூப்பிட்டார். வினோதன் மாடிக் கூரையில் ஏறி, வெயிலில் அரைநாள் நின்று டிஷ்ஷைப் பூட்டிவிட்டு, கீழே வந்து ஒப்பந்தத்தை வாசித்துக் காட்டினான்.

"ரெண்டு வருசம் ஹாஜியார். இடையில கழட்டினா பத்தாயிரம் கட்டோணும். நீங்க கட்டாட்டி கம்பனி என்ட கொமிசன்ல கழிக்கும். எனக்கு மாசத்துக்கு வாறதே அவ்வளவுதான். அதால இப்பவே சொல்லிப்போட்டன்."

"நம்மளப் பாத்தா அப்புடியா தம்பி தெரியிது?" என்று சிரித்தபடி ஹாஜியார் கையெழுத்து வைத்தார். கவனியுங்கள், அது வாக்குறுதி அல்ல. வெறும் கேள்வி.

ஏப்ரல் மாதம் இறுதி ஆட்டத்தில் இலங்கை தோற்றது. அடுத்த நாளே ஹாஜியாருக்குக் கிரிக்கெட்டில் வெறுப்பு வந்துவிட்டது. நாலாம் நாள் டீவியிலேயே வெறுப்பு வந்துவிட்டது. மாதக்கட்டணச் சிட்டை வந்த அன்று, டீவி குடும்பங்களைக் கெடுக்கிறது என்று நல்ல சத்தமாகச் சொன்னார். ஆனால் கழற்றினால் பத்தாயிரம். கட்டவும் மனம் வரவில்லை. கட்டாமல் விடுவது, பாவம், அவருடைய குணத்துக்கு ஒத்துவராது. ஆகவே நியாயம் தேடப் புறப்பட்டார்.

முதலில் அப்துல் ஹமீட் மௌலவியிடம் போனார். நியாயஸ்தர்கள் மார்க்கத் தீர்ப்புக் கேட்கும் அழகே தனி. விடையை வீட்டிலேயே தயாரித்து, அதன் அளவுக்குக் கேள்வியைத் தைத்துக்கொண்டுதான் போவார்கள். அஸர் தொழுகைக்குக் கைகால் கழுவி ஒழு எடுத்துவிட்டுப் பள்ளிவாசல் படியேறிய மௌலவியை மறித்து, "ஹஸரத், ஒரு கம்பனி, சேவையே குடுக்காத மாசத்துக்கும் காசு கேட்டா அது அநியாயமா இல்லியா?" என்றார்.

"குடுக்காததுக்குக் கேட்டா அநியாயந்தானே. ஏன், ஆரு கேட்டது? என்ன ஒப்பந்தம் செஞ்சீங்க?"

முதல் வசனம் போதுமாயிருந்தது. மற்றக் கேள்விகளுக்குப் பதில் சொல்லத் தொழுகைக்கு நேரமாகிவிட்டது. மௌலவியே மார்க்கம் சொல்லித் தந்துவிட்டார் என்று அன்று மாலையே கடைத்தெரு அறிந்தது.

ஆனால் கம்பனிக்கு மௌலவி போதாது. ஹாஜியார் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒப்பந்தத்தின் பின்பக்கத்துச் சின்ன எழுத்தைப் படித்தார். அங்கே இருந்தது வழி. இயற்கை அனர்த்தத்தில் வீடு சேதமடைந்திருந்தால் கழற்றுவதற்குக் கட்டணம் கிடையாது. அதற்கென ஒரு படிவம். அதன் முன்பக்கத்தில் ஒரே கேள்வி: 'உங்கள் வீடு இயற்கை அனர்த்தத்தினால் சேதமடைந்ததா?'

சேதமடைந்ததா என்றா கேட்கிறார்கள்? அடித்தளமே மிஞ்சவில்லையே! சுனாமிதான் கொண்டுபோயிற்று. 'ஆம்' என்று அடையாளமிட்டார். எந்த வீடு, எந்த வருடம் என்று அந்த வரியில் கேட்கவில்லை. கேட்காததற்குப் பதில் சொல்வது அதிகப்பிரசங்கித்தனம் அல்லவா?

அத்தாட்சிக்கு அலுமாரியைத் திறந்து, கிராம சேவகர் கொடுத்த சுனாமிக் கடிதத்தை எடுத்தார். எங்கள் கரையில் பல வீடுகளில் அப்படி ஒரு கடிதம் பொலித்தீன் உறைக்குள் இருக்கும். தகரத்துக்கும் அரிசிக்கும் நுளம்பு வலைக்கும் தையல் மெசினுக்கும் கடைசியில் இந்த மாடி வீட்டின் கீழ்த்தட்டுக்கும் அந்தக் கடிதத்தைத்தான் காட்டினார்கள். அதில் ஒரு குற்றமும் இல்லை, இழந்தவர்கள் வாங்கினார்கள். ஹாஜியார் அதைப் பிரதி எடுக்கும்போது மேல் மூலையை மட்டும் கொஞ்சம் மடித்துக்கொண்டார். திகதி இருந்த மூலை அது. கடதாசி மடிவதும் பொய்யா?

அவருடைய மனைவி மைமூனா பிரதியைக் கண்டதும் கையிலிருந்த பாத்திரத்தைக் கீழே வைத்தார்.

"அதில உம்மாட பேர் இரிக்கி."

இருந்தது. 'மரணித்தவர்: சல்மா உம்மா, வயது 71.' ஹாஜியாரின் தாயார். அன்று காலை ஹாஜியார் கொழும்பில் துணி எடுத்துக்கொண்டிருந்தார். கிழவியின் கையைப் பிடித்துக்கொண்டு ஓடியது மைமூனாதான். தண்ணீர் பிரித்ததும் அந்தக் கையைத்தான்.

"இரிக்கட்டுமே. உம்மா இரிந்தா அவவும் இதத்தான் செய்யச் சொல்லியிரிப்பா. அநியாயமா காசு போறது உம்மாக்குப் புடிக்காதே" என்றார் ஹாஜியார். மௌத்தானவர்கள் எழும்பிவந்து மறுத்துப் பேசமாட்டார்கள் என்பது நியாயஸ்தர்களுக்குப் பெரிய வசதி.

"அந்தப் பொடியன்ட கொமிசன் போகுமே."

"அது கம்பனிக்கும் அவனுக்கும் உள்ள கத. நாம எதுக்கு ரெண்டு பேருக்கு நடுவுல போவான்?"

படிவம் போய்ச் சேர்ந்தது. கம்பனி பெருந்தன்மையானது, மன்னிப்பது அது, கட்டுவது ஏஜன்ட். ஒன்றே ஒன்றுதான் சொன்னது: ஏஜன்ட் நேரில் போய்ப் பார்த்து, விடுபட்டதை நிரப்பி அனுப்பட்டும். பார்க்க வந்தான் வினோதன். ரோசா நிறத்தில் பூச்சு மின்ன நின்ற மாடி வீட்டை வாசலில் நின்று ஒருதரம் மேலும் கீழும் பார்த்தான். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தான்.

ஹாஜியார் அவனை உபசரித்த உபசரிப்பு இருக்கிறதே! பிளேன்டீ, கேக், மின்விசிறிக்கு நேரே கதிரை. மனச்சாட்சி இலேசாகக் கடிக்கும்போது நியாயஸ்தர்கள் வீட்டில் நல்ல சாப்பாடு கிடைக்கும்.

வினோதன் கேக்கைத் தொடவில்லை. பிரதியை மெதுவாக வாசித்தான்.

"சல்மா உம்மா எண்டது உங்கட உம்மாவா, ஹாஜியார்?"

"ஓம் தம்பி. சுனாமில மௌத்தானவ."

"எங்கட வீட்டுக் கடிதத்திலயும் ரெண்டு பேர். ரெண்டும் அக்காமார்." வினோதன் படிவத்தைப் புரட்டினான். "பின்பக்கம் நீங்க ஒண்டு நிரப்பல்ல. 'சேதமடைந்த திகதி.' சொல்லுங்க, எழுதுறன்."

ஹாஜியார் பிளேன்டீயைக் கையில் எடுத்தார். உண்மையைச் சொன்னால் படிவம் செத்துவிடும். இந்த வருடத்துத் திகதி ஒன்றைச் சொன்னால் அது பொய். பொய் அவர் சொல்வதில்லை. இரண்டுக்கும் நடுவில் ஒரு பாதை இருக்கத்தான் வேண்டும். இதுவரை இருந்திருக்கிறதே! தேடினார். கண்டும் பிடித்தார்.

"திகதி..." என்றார், நெற்றியைத் தடவிக்கொண்டு. "திகதி சரியா ஞாபகமில்ல தம்பி."

வினோதன் பேனையை வைத்துவிட்டு அவரைப் பார்த்தான். கோபமாகப் பார்த்திருந்தால் ஹாஜியார் சமாளித்திருப்பார். அவன் ஒரு நோயாளியைப் பார்ப்பதுபோலப் பார்த்தான். கல்முனையிலிருந்து திருக்கோவில் வரைக்கும் எந்த வீட்டுக் கதவைத் தட்டி, யாரை எழுப்பிக் கேட்டாலும், சொந்தப் பிள்ளையின் பிறந்தநாளைத் தடுமாறிச் சொன்னாலும் சொல்வார்கள், அந்தத் திகதியைத் தடுமாறாமல் சொல்வார்கள். அது ஞாபகமில்லை என்று சொன்ன முதல் மனிதரின் வீட்டில் தான் உட்கார்ந்திருப்பதாக வினோதனுக்குத் தோன்றியது. அவன் மறுபடி பேனையை எடுத்து, 'ஞாபகமில்லை' என்று எழுதத் தொடங்கினான்.

"அத வெட்டுங்க தம்பி."

கதவடியில் மைமூனா நின்றார். கையில் அசல் கடிதம், மடிக்காத மூலையோடு.

"டிசம்பர் இருவத்தாறு. ரெண்டாயிரத்தி நாலு. ஞாயித்துக்கிழம, பெருநாளுக்குத் தைச்ச சட்டையாட்டம் வெளிச்ச வெயில். உம்மா அப்பத்துக்குச் சம்பல் அரைச்சிக்கிட்டு இரிந்தா. எல்லாத்தையும் எழுதுங்க. இவருக்கு ஞாபகமில்லையாம்."

அதன்பிறகு மைமூனா அழுதார். ஒளித்து அழவில்லை, பிறத்தி ஆண்பிள்ளை முன்னால், முந்தானையை வாயில் வைக்காமல், நின்ற இடத்திலேயே அழுதார். ஹாஜியாருக்கு முதல்முறையாக ஒரு நியாயமும் ஓடிவரவில்லை. அவர் எழும்பிப்போய் இரும்புப் பெட்டியைத் திறந்து பத்தாயிரத்தை எடுத்துவந்து மேசையில் வைத்தார். வினோதன் பற்றுச்சீட்டு எழுதிக் கொடுத்தான், கூரையில் ஏறி டிஷ்ஷைக் கழற்றினான், போய்விட்டான். கேக் அப்படியே இருந்தது. கடிதம் அன்றிலிருந்து மைமூனாவின் பெட்டியில். பெட்டிப் பூட்டின் திறப்பு மைமூனாவின் இடுப்பில்.

மனிதர் திருந்திவிட்டார் என்று நினைக்கிறீர்களா? அடுத்த வெள்ளிக்கிழமை கடையில் அவர் சொன்னதைக் கேளுங்கள்: "ஒப்பந்தமெண்டா ஒப்பந்தந்தான். கட்டத் தேவையில்லாத வழி கையில இரிந்திச்சி. நான் ஒரு சதம் குறைக்காமக் கட்டினன். அந்த ஏழப் பொடியன்ட வயித்தில அடிக்க மனம் வரல்ல." ஒவ்வொரு வசனமாக எடுத்துச் சோதித்துப் பாருங்கள். பெரிய பொய் ஒன்றும் அகப்படாது.

நல்லது. நீங்கள் நேர்மையானவர், சிரித்துக்கொண்டுதான் வாசித்தீர்கள். ஒன்று மட்டும் கேட்கவேண்டும். வாசிக்கும்போது நடுவில் எங்கேயாவது, 'கம்பனிக்காரன் மட்டும் என்ன யோக்கியனா? சின்ன எழுத்தில் போட்டவன் அவன்தானே' என்று உங்களுக்கு ஓர் எண்ணம் ஓடியதா? அது முழு உண்மை. ஜவுபர் ஹாஜியாரும் அங்கிருந்துதான் தொடங்கினார். நேரமிருந்தால் உங்கள் அலுமாரியில் இருக்கும் கடிதத்தை எடுத்து, மூலை மடிந்திருக்கிறதா என்று ஒருதரம் பார்த்துவிட்டு வையுங்கள்.